தலைகீழாக மாட்டிய வானம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஏழாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்த பெண்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை. நான் படித்தேன். அப்பா ரயிலில் கார்டாக இருந்தார். என்னை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதற்காகச் சொந்தக்காரர்களிடம் நிறையப் பேச்சு வாங்கினார்.

அந்தப் பள்ளியின் நடையில் ஒரு பெரிய படம் தொங்கியது. எங்கள் வெள்ளைக்கார டீச்சரின் அண்ணன் அமெரிக்காவில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் படம் பிடிக்கும் இடத்தில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய போட்டோ அது. கறுப்பு வெள்ளை, தேக்குச் சட்டம். இரண்டு கையையும் விரித்தால்தான் பிடிக்க முடியும். அரிசி களைந்த தண்ணீரை இருட்டுக் கிணற்றில் ஊற்றினால் எப்படிக் கலையுமோ அப்படி ஒரு வெண்மை. நடுவில் மட்டும் கண் கூசும் பளிச்சிடல். டீச்சர் அதை நெபுலா என்பார். நட்சத்திரங்கள் உண்டாகிற புகை என்று விளக்கினார். வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

உடம்பு முடியாமல் டீச்சர் ஊருக்குத் திரும்பியபோது தன் சாமான்களை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். மற்றப் பெண்கள் பீங்கான் கோப்பை, பூப்போட்ட மேசை விரிப்பு, கைக்கண்ணாடி என்று கேட்டு வாங்கினார்கள். நான் படத்தைக் கேட்டேன். டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தானே ஆணியிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குக் கிள்ளானில் ரயில்வே சரக்கு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை. பெட்டி, பாத்திரத்தோடு படமும் வந்தது. புது வீட்டில் கறுப்பான ஒன்றைச் சுவரில் மாட்டுவது நல்லதில்லை என்றார் என் மாமியார். சீமைச் சாமான், துரைகள் வீட்டில்கூட இப்படி ஒன்று இருக்காது என்று சொல்லி, என் வீட்டுக்காரர்தான் கூடத்தில் நாற்காலிக்கு மேலே மாட்டினார். அதற்காக அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அவரை வாசலுக்குக் கூப்பிட்டு, வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டி, அதற்குக் கொஞ்சம் தள்ளி மங்கலாகத் தெரிகிறதே, அதுதான் நம் வீட்டுப் படம் என்றேன். அவர் கழுத்து வலிக்கும்வரை பார்த்தார். “இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே” என்று சிரித்தார். எங்கள் நல்ல காலம் என்று நினைத்தால் எனக்கு அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருஷம் தீபாவளிக்கு அவருடைய துரை எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். இவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து இவர் நாற்காலி மேல் ஏறிப் படத்தை இறக்கிக்கொண்டிருந்தார். துரைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

“துரை கேக்கலையே” என்றேன்.

“கேட்டாத்தானா? பாத்த பார்வையிலயே தெரியல? பெரிய கிராணி வேலை காலியாகப் போகுது. கொஞ்சம் புரிஞ்சுக்கோ.”

“அது டீச்சர் எனக்குக் கொடுத்தது.”

“ஒன்னோடது, என்னோடதுன்னு இந்த வீட்ல தனித்தனியா என்ன இருக்கு?”

என் கல்யாணப் பெட்டியிலிருந்த போர்வையில்தான் அதைச் சுற்றினார். ரிக்‌ஷாவில் ஏற்ற ஆள் போதவில்லை. ஒரு பக்கத்தை நான்தான் பிடித்தேன்.

கிறிஸ்துமஸுக்குக் கிராணிகள் எல்லாரும் சம்சாரத்தோடு மேட்டிலிருந்த துரை பங்களாவுக்குப் போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு வருவது வழக்கம். நாங்களும் போனோம். சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் படம் தொங்கியது, தலைகீழாக. புகை விரிந்த பக்கம் கீழே கிடந்தது. நான் நின்றுவிட்டேன். துரைசானி என்னருகே வந்து, வேலைக்காரர்களோடு பேசுவதுபோல் மெதுவாக மலாய் மொழியில், பிடித்திருக்கிறதா என்று கேட்டார். படம் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து நடையில் நிற்கிற மாதிரியே இருந்தது, வாயில் வந்துவிட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். துரை பெரிதாகச் சிரித்தார். வானத்துக்கு ஏது தலையும் காலும் என்றார். இப்படியே நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார் துரைசானி. பிறகு இவரிடம், உங்கள் மனைவிக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டார்.

இவர் முகம் வெளுத்தது. துரைக்குக் கொடுக்கவே லண்டனிலிருந்து வரவழைத்து வைத்திருந்த படம் என்று இவர் சொல்லிவைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

“மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள், மேடம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “அங்கே இது மாதிரி ஏதோ பார்த்திருக்கிறாள். கேட்டுக் கேட்டு நாலு வார்த்தை வரும்.”

அந்த ஆங்கிலத்தில் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. துரைசானி பரிவோடு தலையாட்டினார். நான் கையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் என்று சொல்லியிருந்தால் அவர் வேலை அங்கேயே போயிருக்கும்.

அதோடு முடிந்திருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. புது வருஷம் பிறந்ததும் துரைசானி சொல்லியனுப்பினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள, பழக்கமுள்ள, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஆயா வேண்டுமாம். நான் வருவேனா என்று கேட்டாராம்.

முடியாது என்று இவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கிராணி வீட்டுப் பெண் ஆயா வேலைக்குப் போவதாவது. அவர் நகத்தைக் கடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்ச நாளைக்குத்தான்” என்றார். “வேல கைக்கு வந்ததும் நிறுத்திடலாம். இப்ப முடியாதுன்னா என்ன நெனப்பாங்க?”

துரைசானிக்குத் துணையாகப் போகிறாள் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நான் காலையில் மேடேறிப் போய், அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்துவிட்டு மாலையில் இறங்கினேன். அடுப்படிக்கும் குழந்தையின் அறைக்கும் படம் தொங்கிய அந்த வழியாகத்தான் போக வேண்டும். முதலில் குனிந்துகொண்டு போனேன். பிறகு அதுவும் பழகிவிட்டது. துரைசானி நல்லவர்தான். கந்தலாகாத பாவாடை ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

பெரிய கிராணி வேலைக்குக் கோலாலம்பூரிலிருந்து வேறொருவர் வந்தார். அன்று இவர் சட்டையைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது” என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. சோறு போட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“நாளையிலேருந்து நான் போகல. வேற ஆயா பாத்துக்கச் சொல்லுங்க.”

“நானா சொல்லணும்?”

“நீங்கதான. நீங்கதான் ஆயான்னு சொன்னீங்க.”

அவர் கையைக் கழுவப் போனார். மறுநாள் நான் போகவில்லை; அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு வருஷத்தில் துரை குடும்பம் சீமைக்குப் போய்விட்டது. படம் கப்பலேறியதா, ஏலத்தில் போனதா, தெரியாது. நான் விசாரிக்கவில்லை. கூடத்துச் சுவரில் இவர் ஆபீஸ் குரூப் போட்டோவை மாட்டினார். நடுவில் துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, இவர் கடைசி வரிசையில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். தினமும் நான்தான் அதைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் ஆங்கிலம் பேசியதில்லை. ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டே இருந்தால் சொன்னவருக்கும் அது உண்மையாகிவிடும் போலிருக்கிறது. வருஷங்கள் போகப் போக, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எனக்குப் படிப்பு கிடையாது என்று சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தார். மகள் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

அவளுடைய பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு மூவரும் போனோம். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, உங்கள் மகள் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள், வீட்டில் யார் சொல்லித் தருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் இவர், நான்தான் என்றார். மகள் என் காதருகே குனிந்து, தலைமையாசிரியை சொன்னதைத் தமிழில் எனக்கு விளக்கினாள். பிள்ளை பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன்.