பிலாத்து வெளியே வந்தது ஏன்?

சூசைதாசன் அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு வேலைத்தளத்தில் வந்தது. மேற்பார்வையாளர் வந்து, தொலைபேசியில் யாரோ பெண் உன்னுடைய மொழியில் அழுகிறார் என்றார். ஓடிப்போய் எடுத்தேன். அண்ணையின் மனைவி ஜெசிந்தா அக்கா. "தம்பி, விழுந்தவர் எழும்பேல்லை" என்று மட்டும் சொன்னார். வேலைக்குப் புறப்படச் சப்பாத்துக் கட்டக் குனிந்த மனிதர், வாசலிலேயே சரிந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் குடும்பங்களை டென்மார்க்குக்கு வரவிடாமல் தடுத்த பழைய அமைச்சர் மீதான வழக்கு கோபன்ஹேகனில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எந்தக் கதையையும் முடிவுவரை கேட்டே தீருவேன் என்று நிற்கிறவர், இந்த முடிவைக் கேளாமல் போய்விட்டார்.

எங்கள் சிறு நகரமான கிரின்ஸ்டெட்டில் அவரை அறியாத தமிழர் இல்லை. ஆனாலும் நான் அறிந்த சூசை அண்ணையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர், கத்தோலிக்கர். நான் சுன்னாகத்துச் சைவக்காரன். இங்கே ஒரே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பஸ் அரிது, கார் அவரிடம் இருந்தது. தினமும் அவருக்குப் பக்கத்தில் இருந்து போய் வந்ததில் எங்கள் நட்பு வளர்ந்தது. அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மன்னாரில். அவர்களை அழைக்கப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலில்லை. எங்களில் பலருக்கும் அதே நிலைதான். ஏனென்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தவக்காலம். ஆலய மண்டபத்தில் யேசுவின் சிலுவை மரணத்தைக் காட்டும் திருப்பாடுகளின் நாடகம் போடுவதென்று எங்கள் சங்கத் தலைவர் யாக்கோப்பு அண்ணை முடிவெடுத்தார். யேசுவுக்கு ஆள் இருந்தது, பிலாத்துவுக்கு இருந்தது, யூதாசுக்குக்கூட இருந்தது. யேசுவைக் குற்றம் சாட்டும் யூதத் தலைமைக் குரு கயபாவாக நிற்க ஒருவரும் வரவில்லை. "நீர் சைவம்தானே, உமக்குப் பாவம் பிடியாது" என்று சூசை அண்ணை என்னைப் பிடித்துக் கொடுத்தார். நாடகத்தைப் பழக்கும் பொறுப்பு அவருடையது.

மறுநாள் காரில் என்னிடம் கேட்டார்: "பிலாத்து ஆளுநர். அவனிட்டை யேசுவைக் கொண்டுவாற யூத ஆக்கள்தானே உள்ளுக்குப் போகவேணும்? வேதத்திலை இவன் எழும்பி வெளியிலை வாறான். பிறகு உள்ளுக்குப் போறான், திரும்ப வாறான். ஏன்?"

"அவை ஏன் உள்ளுக்குப் போகேல்லையாம்?"

"பாஸ்காத் திருநாள். அந்நியன்ரை வீட்டுக்குள்ளை போனாத் தீட்டாம்."

"அப்ப அவன்தானே வெளியிலை வரவேணும்" என்றேன். எனக்கு அதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. அவர் ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். "பாரும், நான் ஞானஸ்நானம் எடுத்த நாளிலையிருந்து கேட்ட கதை. சைவக்காரன் சொல்லித்தான் விளங்குது. உரோமாபுரிக்குப் படை இருக்கு. ஆனா ஒரு தீட்டு அவனை வாசலுக்குக் கூப்பிடுது!"

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. நகர நூலகத்தில், அரைகுறை டேனிஷில், உரோமரும் யூதரும் பற்றிய புத்தகங்களைக் கேட்டு வாங்கினார். அகராதியும் கையுமாக அவர் படித்ததை நான் காலையில் காரில் கேட்பேன். பேரரசனின் உருவம் பொறித்த கொடிகளைப் பிலாத்து எருசலேமுக்குள் கொண்டுவர, உருவங்களை ஏற்காத யூத மக்கள் திரண்டு போய்க் கழுத்தை நீட்டிக்கொண்டு நிலத்தில் கிடந்தார்களாம்; அவன் கொடிகளைத் திருப்பி எடுத்தானாம். ஆலயப் பணத்தில் அவன் தண்ணீர்க்கால்வாய் கட்ட, கலகமாம். ஒருநாள் காரை நிறுத்திவிட்டும் அவர் இறங்கவில்லை. "தலைமைக் குருவின்ரை திருநாள் அங்கி ஆரிட்டை இருந்தது தெரியுமோ? உரோமரிட்டை! கோட்டைக்குள்ளை பூட்டி வைச்சிருந்தவங்கள். திருநாள் வரேக்கை குரு போய் வாங்கவேணும். தன்ரை கடவுளைக் கும்பிடத் தன்ரை உடுப்புக்கு."

அதை ஒரு காட்சியாக நாடகத்தின் முன்னால் வைக்க விரும்பினார். யாக்கோப்பு அண்ணை கொதித்தார்.

"வேதத்திலை இல்லாததை ஏன் சேர்க்கிறாய்? கயபா கெட்டவன். சனத்துக்கு அது காணும்."

"அண்ணை, அவன் கெட்டவன் எண்டு வைச்சா எங்களுக்குச் சுகம். ஆனா அவனுக்கும் ஒரு பயம் இருந்தது. உரோமர் வந்து சனத்தையும் ஆலயத்தையும் அழிச்சுப்போடுவாங்கள் எண்ட பயம். அதை வேதமே சொல்லுது."

பெரிய வாக்குவாதம். கடைசியில், அந்த அங்கிக் காட்சியில் கயபா வாய் திறக்காமல் நிற்பதென்றால் சரி என்று யாக்கோப்பு அண்ணை இறங்கினார். தன் வீட்டு நீலத் திரைச்சீலையையும் அங்கி தைக்கத் தந்தார்.

கோட்டைக் காவல் அதிகாரியாக சூசை அண்ணையே வந்தார். எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார்: "கெஞ்சாதையும். கோவிக்கவும் கூடாது. உம்மடை சொந்த உடுப்புக்காக நிக்கிறீர், அவ்வளவுதான்." திரை விலகியது. நான் வெறும் உள்ளாடையோடு நின்றேன். அதிகாரி மேசையில் அங்கி மடித்துக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார், ஒரு ஆப்பிளை வெட்டினார், நிதானமாகத் தின்றார், "நாளைக்கு வா" என்றார். நான் போய் வந்தேன். "நாளைக்கு வா." முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு மண்டபம் அடங்கிப்போயிற்று. திடீரென்று பின்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார்: "குடடா அவன்ரை உடுப்பை!" அவருடைய மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பிடித்து இருத்தினார்.

அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நான் யேசுவைக் குற்றம் சாட்ட வந்தபோது, வழக்கமாகத் திட்டும் சனம் திட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சனத்தைக் குழப்பிப்போட்டாய்" என்றார் யாக்கோப்பு அண்ணை.

"ஓம் அண்ணை. நானும் குழம்பித்தான் இருக்கிறன்" என்றார் இவர்.

சில காலத்தில் அமைச்சர் மாறினார், விண்ணப்பங்கள் அசைந்தன, ஜெசிந்தா அக்காவும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். சின்னவள் தகப்பனை "மாமா" என்று கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். பிறகு குளியலறைக்குள் போய் நெடுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

அதன்பின்தான் விசாரணை நடந்து, உண்மை வெளியே வந்தது. குடும்பத்தை அழைக்கச் சட்டம் எங்களுக்குக் கொடுத்த உரிமையை மறுக்க முடியாததால், கோப்புகளைத் தொடாமல் வைத்திருக்க மேலிருந்தே சொல்லப்பட்டிருந்தது. அதனால் டேனிஷ் அரசாங்கம் விழுந்த அன்று நாங்கள் இனிப்பு வாங்கினோம். அவரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அந்தக் கோப்பை அடியிலை வைச்ச எழுதுவினைஞர் அண்டைக்குப் பின்னேரம் வீட்டை போய் என்ன கதைச்சிருப்பார்?" என்று கேட்டார். பலருக்குக் கோபம் வந்தது. "நீ அவங்கடை பக்கமோ?" என்றார்கள். "நானும் கச்சேரியிலை இருந்தவன். அறியவேணும் போலை கிடக்கு."

வழக்குத் தொடங்கியபின் ஒருநாள் கோபன்ஹேகன் போய் வருவோம் என்றார். வழியில் பெருநீரிணையைக் கடக்கும் கப்பலின் மேல்தளத்தில், காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, ஜெசிந்தா அக்காவுக்கும் எனக்கும் அவர் பெத்ரோனியஸ் கதையைச் சொன்னார். பேரரசன் கலிகுலா தன் சிலையை எருசலேம் ஆலயத்துக்குள் வைக்கக் கட்டளையிடுகிறான். சிரியா ஆளுநர் பெத்ரோனியஸ் படையோடு போகிறார். விதைப்புக் காலத்தில் யூதர்கள் வயலை விட்டுவிட்டு வந்து அவர் முன்னால் விழுகிறார்கள். பெத்ரோனியஸ் சிற்பிகளை அவசரப்படாமல் அழகாகச் செய்யச் சொல்லிவிட்டு, கட்டளையை மாற்றும்படி பேரரசனுக்கு எழுதுகிறார். தற்கொலை செய்துகொள் என்று பதில் புறப்படுகிறது. ஆனால் கலிகுலா இறந்த செய்தி கொண்டுவந்த கப்பல் முந்திவிடுகிறது.

"அவரும் தாமதிச்சவர், எங்கடை அமைச்சரும் தாமதிச்சவர்" என்றார் அண்ணை. "தாமதம் ஒரு கத்தி. ஆரின்ரை கையிலை கிடக்கு எண்டுதான் பார்க்கவேணும்."

அக்கா கடலைப் பார்த்தபடி கேட்டார்: "அவருக்குப் பெண்சாதி இருந்தவவோ?"

அண்ணை திகைத்துவிட்டார். "அதைப்பற்றி நான் வாசிச்சதிலை ஒண்டும் இல்லை."

"நீங்கள் ஆளுநரையும் எழுதுவினைஞரையும் பற்றித்தான் கேக்கிறியள்" என்றார் அக்கா.

அடக்கம் முடிந்த பிறகு, வந்தவர்கள் எல்லாரும் போனபின், நான் அக்காவோடு சமையலறையில் இருந்தேன். பிள்ளைகள் முன்னறையில் டேனிஷில் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பதில் வராத அந்த நாட்களில் மன்னாரில் எப்படி இருந்தது என்று அக்காவிடம் கேட்டேன்.

"கோபன்ஹேகன் போகேக்கை கப்பலிலை கதைச்ச அண்டையிலையிருந்து இவர்தான் கேட்டவர் தம்பி. வேலையாலை வந்து, தேத்தண்ணியோடை உந்தக் கதிரையிலை இருந்து கேப்பார். ஆமி வந்த நாள், பிள்ளையளோடை கோயிலுக்கை கிடந்த நாள், ஒவ்வொண்டாச் சொன்னனான்." அவர் கண்ணைத் துடைத்தார். "இன்னும் சொல்லி முடியேல்லை."

சூசை அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: கேட்கத் தொடங்கிய கதையைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது என்பது. கேத்தலில் தண்ணீர் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டேன்.

"சொல்லுங்கோ அக்கா" என்றேன்.