சகலை கொண்டுவந்த கார்டு

அந்த கிராபிக்ஸ் கார்டு பளபளக்கும் வெள்ளிநிறப் பைக்குள் இருந்தது. பையைச் சுற்றி ஒரு அட்டைப்பெட்டி, பெட்டியின் முகப்பில் வாளேந்திய ஒரு பெண், அவள் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு 128 எம்.பி. என்ற எழுத்து. நீடாமங்கலத்தில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில், சோப்புக்கட்டிகளுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவிலிருந்து அதை எடுத்து என் கையில் கொடுத்தார் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர்; துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தார். "உங்க பழசை இனிமே தூக்கிப் போட்டுடலாம் சகலை" என்றார் சிரித்துக்கொண்டே. நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில், கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் தொழில் நடத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பணம் வந்து தெருவுக்குத் தெரு மாடி எழும்பிய காலம். விடுமுறையில் வருகிறவர் என் முன்னால் உட்கார்ந்தால், வாசலில் நுழைந்து கூடம் கடந்து மாடிப்படி ஏறுவதுபோலத் திரையில் வீட்டைச் சுற்றிக் காட்டுவேன். அப்படிச் சுற்றும்போது படம் தட்டுத்தடுமாறாமல் ஓட வேண்டும். அது முழுக்க கார்டின் கையில் இருந்தது. என்னுடையது 64 எம்.பி.; சென்னைக்குப் போய் கடை கடையாக ஏறி இறங்கி நானே தேர்ந்தெடுத்தது. விசிறிகூடக் கிடையாது, பார்வைக்கு ஒன்றுமில்லாத பொருள்.

மாமனார் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் விவசாயி. யாரைப் பற்றிப் பேசினாலும் "எத்தனை மா வச்சிருக்காங்க?" என்று நிலத்தின் அளவைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். இதையும் அதே குரலில் கேட்டார். "இது எத்தனை?" நூற்றிருபத்தெட்டு என்றார் சகலை. "தஞ்சாவூர் மாப்பிள்ளையோடது?" அறுபத்துநாலு என்றேன். சரி என்பதுபோலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை. தஞ்சாவூர் மாப்பிள்ளை என்ற பெயரே எனக்குப் பிடிக்காது. அந்த வீட்டில் வெறுமனே மாப்பிள்ளை என்றால் ஒரு காலத்தில் நான்தான். துபாய் மாப்பிள்ளை வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கும் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். எனக்கு உள்ளுக்குள் கிடந்து அரித்தது மச்சினன் விஷயம். மாமனாருக்கு ஒரே மகன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு என்னிடம்தான் வேலை கற்றுக்கொண்டான். நான் ஒரு வாரம் திணறும் வேலையை அவன் இரண்டு நாளில் முடித்துவிடுவான். மத்தியானச் சாப்பாட்டை ஒரே டிபன் கேரியரில் பகிர்ந்துகொள்வோம். எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லாத குறை அவனால் தீர்ந்திருந்தது. அவனைத் துபாய்க்கு அழைத்துப் போவதாக சகலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே பையனை அவ்வளவு தூரம் அனுப்ப மாமனாருக்கு மனம் வரவில்லை. முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இழுவையைத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய் இரண்டு கார்டுகளின் விவரங்களையும் அருகருகே திறந்து வைத்து உட்கார்ந்தேன். மாதிரி எண்ணில் அவருடையது பெரிது. நினைவகம் இரண்டு மடங்கு. மனம் கனத்துக்கொண்டே வந்தது. கடைசியில், சின்ன எழுத்தில், நினைவகத்துக்குப் போய்வரும் பாதையின் அகலம் இருந்தது: என்னுடையதில் 128 பிட், அவருடையதில் 64. என் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்திருக்க வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும் சகலையையும் தஞ்சாவூருக்கு வரவழைத்தேன். துபாய்ப் பணத்தில் நீடாமங்கலம் வீட்டுக்கு மாடி எடுப்பதாக இருந்தது. அந்த மாடியைத் திரையில் பார்க்கலாம் என்று காரணம் சொன்னேன். ஒரே கம்ப்யூட்டரில் முதலில் என் கார்டு, பிறகு அவருடையது என்று மச்சினன் மாட்டினான். என்னுடையதில் மாடி வழுக்கிக்கொண்டு சுழன்றது. புதியதில் படிக்கட்டு ஏறும்போதே விக்கியது. பளிங்குத் தரை போட்ட அறைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்று, பிறகு ஒரு தாவல் தாவியது. மாமனார் புருவத்தைச் சுருக்கினார். பெரியதுக்கு எப்படி இந்த நிலைமை என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் சொன்னான். "பட்டுக்கோட்டைப் பக்கம் பெரியப்பா நிலம் இருக்குல்லப்பா, வாய்க்கால் போய் முடியுற கடைமடை நிலம், அது மாதிரிதான் இது. நிலம் நம்மளோடதைவிட ரெண்டு மடங்கு. ஆனா வாய்க்கால் பாதி அகலம்தான். நேரத்துக்குத் தண்ணி ஏறாது."

மாமனாருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அப்ப தஞ்சாவூர் மாப்பிள்ளையோடது சின்னதுன்னாலும் தண்ணி முதல்ல ஏறுற தலைமடை" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். கல்யாணமானதிலிருந்து நான் காத்திருந்த தட்டு அது. சகலை முகம் எப்படிப் போகிறது என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மச்சினனையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றுப்போன மனிதருக்கு இவ்வளவு பெரிய மனசு எதற்கு என்று எரிச்சலாக வந்தது.

"மாமா, எங்க ஆபீஸ்ல இதைவிடப் பெரிய மிஷினை வச்சுக்கிட்டு இதுல பாதிகூடப் பண்ண மாட்டாங்க. இவ்வளவு தெளிவா சொல்லவும் ஆள் கிடையாது. இவன் அங்க வந்தா எங்கேயோ போயிடுவான்" என்றார் சகலை.

மாமனார் திரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அத்தனை மாதமாக இழுத்துக்கொண்டிருந்தவர், என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மாடி திரையில் நின்றுகொண்டிருக்கும்போதே கேட்டார்: "விசாவுக்கு எப்ப எழுதிக் கொடுக்கணும் மாப்பிள்ளை?"

வெறும் மாப்பிள்ளை. எங்கள் இருவரில் யாரைக் கேட்கிறார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கார்டுகள் வந்து போய்விட்டன. இப்போது என்னிடம் இருப்பதன் நினைவகத்தை ஜி.பி.யில் சொல்கிறார்கள், அன்றைய இரண்டு கார்டுகளும் அதன் ஒரு மூலைக்குக் காணாது. புதிது ஏதாவது வெளியானால் மச்சினன் துபாயிலிருந்து கூப்பிட்டு, எது வாங்கலாம், எது வீண் என்று எனக்குச் சொல்வான். பேச்சு முடியும்போது சகலை பக்கத்தில்தான் இருக்கிறார் என்பான். அவரும் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுவார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் குடியிருக்கிறார்கள். விடுமுறை நாள் மத்தியானம் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடும் படம் வாட்ஸ்அப்பில் வரும். என் மனைவி பார்த்துச் சந்தோஷப்படுவாள். நான் போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, சகலை ஓரத்துக்கு வெளியே போகும்வரை படத்தை நகர்த்திவிட்டுப் பார்ப்பேன்.