பரணில் வைத்த லேப்டாப்

அந்த லேப்டாப்பை மலைக்குக் கொண்டுவந்தது நான்தான். கூரியர்க்காரர் மலை ஏறமாட்டேன் என்று சொல்லி, அடிவாரத்தில் காரவள்ளி டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் இறங்கிப் போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவுகளும் ஏறி வந்தேன். பாதி வழியில் பக்கத்து சீட்டுக்காரர் வாந்தி எடுக்க என் பக்கம் திரும்பினார். பெட்டியைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தேன். சட்டை போனது, பெட்டி தப்பியது.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிறகு போர்வெல் லாரி, செங்கல் சூளை, சேலத்தில் ஒரு காயலான் கடை, கேரளத்தில் ரப்பர் தோட்டம் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் கால் அரிக்கும். அந்தக் கார்த்திகையில் கையில் வேலை இல்லை. எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. எங்கள் ஊர் குண்டூர் நாடு. அக்காவைக் கட்டிக்கொடுத்தது எடப்புளி நாட்டில். காப்பிப்பழம் பறிக்க ஆள் வேண்டும் என்று மாமா சொன்னதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா ப்ளஸ் டூ முடித்தவள். ஆனாலும் வருடா வருடம் தை பிறந்ததும் மில் வேன் காரவள்ளிக்கு வரும். அதில் ஏறிப் போய் நூல் மில்லில் ஐந்து மாதம் இருப்பாள். போன வருடம் திரும்பி வந்தபோது இருமல் கூடவே வந்தது. பஞ்சு நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மழைக்காலம் முழுக்க இருமினாள். இந்த வருடம் வேனில் ஏறக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதற்கு ஒரு வழியும் பார்த்துவைத்திருந்தாள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. யார் யாரோ பேசிய பதிவுகளைக் கேட்டு, பேசியதை அப்படியே தமிழில் தட்டி அனுப்ப வேண்டும். முதலில் ஒரு பரீட்சை மாதிரி இருபது பதிவுகள் கொடுப்பார்கள். பத்து நாளில் முடித்துக் கொடுத்தால் வேலை. இல்லாவிட்டால் வேன். செல்போனில் அந்த வேலை ஓடாது, கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். அதனால்தான் இந்த லேப்டாப். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது.

வாங்குவதற்கு முன், ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளை நான்தான் செல்போனில் எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. ஒருவர், விலைக்கு ஏற்ற பொருள், வீட்டம்மா பாட்டுக் கேட்கிறார் என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர், சத்தம் கொசு மாதிரி இருக்கிறது என்று ஒரே நட்சத்திரம். லேப்டாப்பைத் திறக்காமலேயே, பெட்டி ஓரத்தில் நசுங்கியிருந்தது என்று ஒருவர் நான்கு வரி திட்டியிருந்தார். ஒரு கேள்வி மட்டும் கீழே தனியாகக் கிடந்தது: குளிர்ப்பிரதேசத்தில் ஓடுமா? அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

"நம்மளத்தான் கேக்கறாங்க போல," என்றார் மாமா.

முதல் ஐந்து நாள் நன்றாக ஓடியது. தமிழ் எழுத்துகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு பொத்தான் மேலும் ஒட்டினாள் அக்கா. பனிக்கு டேப் பிடிக்கவில்லை. பலாப்பால் வைத்து ஒட்டினோம், பிடித்துக்கொண்டது. அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாமா எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன புள்ள சொல்றாங்க?"

"ஒரு அம்மா மிக்ஸி வாங்கி ஏழு நாள் ஆச்சாம். சுத்தவே மாட்டேங்குதாம். மாத்திக் குடுன்னு சத்தம் போடுது."

"அவன் என்ன சொல்றான்?"

"லைன்லயே இருங்கன்னு பாட்டுப் போட்டுட்டானுங்க."

"அந்தப் பாட்டையும் எழுதோணுமா?"

"ஏனுங்க, கொஞ்சம் பேசாம இருங்க. ரெண்டு பேர் பேசறது பத்தாதா, மூணாவதா நீங்க வேற."

மறுநாள் காப்பிக்காட்டில் பழம் பறித்துக்கொண்டே மாமா என்னிடம் அந்த அம்மாவுக்கு மிக்ஸி மாற்றிக் கொடுத்திருப்பார்களா என்று கேட்டார். எனக்கும் அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு பாதியில் முடிந்துவிட்டதாம்.

ஐந்தாம் நாள் முடிவில் பதினொன்று ஆகியிருந்தது. ஆனால் முதல் நாள் சாயங்காலமே பனி இறங்கியிருந்தது. எங்கள் மலையில் பனி என்றால் தீப்பெட்டி பற்றாது, உப்பு தண்ணீராகும், செருப்பில் பூஞ்சணம் பூக்கும். அதனால் நனையக்கூடாத எதையும் அடுப்புக்கு நேர்மேலே கட்டியிருக்கும் மூங்கில் பரணில் வைப்பது வழக்கம். சாமை விதை, தீப்பெட்டி, ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் அங்கேதான் இருக்கும். கீழே அடுப்பு எரிய எரிய மேலே எல்லாம் காய்ந்துகொண்டிருக்கும். அன்றிரவே மாமா லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி, விதைப்பானைக்குப் பக்கத்தில் வைத்தார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். அக்கா வேலை முடிக்கும் போதெல்லாம் அது பரணுக்குப் போனது. காலையில் இறக்கினால் கணகணவென்று சூடாக இருக்கும். பனியில் விறைத்த கையை அக்கா அதன்மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டு, உடனே சார்ஜில் போட்டு வேலையைத் தொடங்குவாள்.

ஆறாம் நாள் காலையில் லேப்டாப் பலகை மேல் சரியாக உட்காரவில்லை. ஒரு மூலையை அழுத்தினால் மறு மூலை எழுந்தது. நான் பலகையைத்தான் திட்டினேன். பலகையைத் திருப்பிப் போட்டும் ஆடியது. அடுத்து, விரலால் அம்பை நகர்த்தும் அந்தச் சதுரம் அமுங்கவில்லை. உள்ளேயிருந்து ஏதோ அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

காயலான் கடையில் அடிபட்ட செல்போன்களை மூட்டை மூட்டையாக உடைத்திருக்கிறேன். அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. சூடு ஆகாத பொருளை ஐந்து நாளாக அடுப்பு மேல் வேகவைத்திருக்கிறோம்.

சொன்னேன். மாமா பரணை அண்ணாந்து பார்த்தார்.

"வெதையவே அங்கதான வெக்கறோம்," என்றார். வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்தார். பிளந்த விறகு ஏற்கெனவே நிறைய இருந்தது.

அக்கா வீட்டுக்குப் பின்னால் டவர் கிடைக்கும் பாறைக்கு ஏறி, சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தாள். சேலத்துக்குக் கொண்டுவாருங்கள், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அவள் சரிங்க என்று வைத்துவிட்டாள். இன்னும் ஒன்பது பதிவுகள் இருந்தன. அன்றைய நாளோடு சேர்த்து ஐந்து நாள்.

"தெறந்து பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"ஒடைக்கத் தெரியும். பூட்டினதில்ல."

சிரித்தால் இருமல் வரும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஒடைக்கறதுன்னா மெதுவா ஒடை சாமி," என்றாள்.

அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி மூடியை நெம்பினேன். உள்ளே பார்த்தால் பாதி இடம் காலியாக இருந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியம். காற்றாடி கூட இல்லை. ஒரு சின்னப் பலகை, ஒரு ஒயர், உப்பிய பேட்டரி. அதைக் குத்தவோ வளைக்கவோ கூடாது, குபீரென்று பற்றும். ஒயரை மட்டும் பிடுங்கி, ஒட்டியிருந்ததை மெதுவாக உரித்து, வீட்டுக்குத் தூரமாக, கீழே காட்டோரத்துப் பாறைமேல் கொண்டுபோய் வைத்து மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தேன். திரும்ப மூடிச் சார்ஜரைச் செருகினேன். திரையில் வெளிச்சம் வந்தது. அக்கா என் தலையைத் தடவினாள். விறகு பிளக்கும் சத்தம் நின்றது.

ஆனால் பேட்டரி இல்லாத லேப்டாப், கரண்ட் போன நொடியே செத்துவிடும். பனிக்காலத்தில் எங்கள் மலையில் கரண்ட் விருந்தாளி மாதிரி. வரும், உட்காராது. ஒரு பதிவைப் பாதி தட்டுவதற்குள் ஆறு தடவை போனது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. இரண்டு நாளில் ஒரே ஒரு பதிவுதான் அனுப்ப முடிந்தது. மீதி எட்டு, நாள் மூன்று. எட்டாம் நாள் காலையில் அக்கா பரணிலிருந்து மில்லுக்குக் கொண்டுபோகும் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் சார்ஜரைக் கையில் வைத்து அதன்மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துக்கொண்டிருந்தேன். எதில் என்ன எழுதியிருந்தாலும் படிப்பது என் பழக்கம். சோப்பு உறை, உரமூட்டை, எதுவானாலும். 12 வோல்ட் என்று இருந்தது. இதை இதற்கு முன்பும் இந்த வீட்டில் எங்கேயோ படித்த ஞாபகம். எங்கே என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாட்டுக்கொட்டகையில், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டேங்க் தொங்கியது. மிளகுக்கொடிக்கு மருந்தடிக்க மாமா வாங்கிய பேட்டரி டேங்க். அதன் அடிப்பக்கத்தில் அதே 12.

மாமாவிடம் சொன்னேன். "மருந்து டேங்க்ல லேப்டாப்பா? மாப்ள, நேத்து என்ன குடிச்ச?" என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. சார்ஜர் ஒயரை நடுவில் வெட்ட வேண்டும். உள்ளே இரண்டு ஒயர். எது பிளஸ், எது மைனஸ் என்று மாற்றிக் கொடுத்தால் லேப்டாப் கருகிவிடும். அப்புறம் ஒன்றும் இல்லை. அதையும் அக்காவிடம் சொன்னேன். அவள் தகரப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வெட்டு," என்றாள்.

மாமா கத்தியைக் கொண்டுவந்தார். வெட்டிய பிறகு கரண்டுக்காகக் காத்திருந்தோம். மத்தியானம் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்து, சார்ஜர் பக்கத்து ஒயர்முனை இரண்டையும் ஒன்றையொன்று தொடாமல் அதற்குள் விட்டேன். எதில் குமிழி அதிகமாக வருகிறதோ அது மைனஸ். காயலான் கடையில் ஒரு பெரியவர் இப்படிப் பார்ப்பார். மூன்று தலைகள் டம்ளருக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றன. ஒரு முனையில் பொரிந்துகொண்டு வந்தது. இன்னொன்றில் ஒன்றிரண்டு.

"டீ கொதிக்கற மாதிரி இருக்குது," என்றார் மாமா. கரண்ட் போய்விட்டது. எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

லேப்டாப் பக்கத்து ஒயரில், குமிழி அதிகம் வந்த ஒயரின் மறுபாதியை டேங்க் பேட்டரியின் கறுப்பிலும், மற்றதைச் சிவப்பிலும் முறுக்கி டேப் சுற்றினேன். சொருகாமல் டேப்பையே இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கையிலிருந்து வாங்கி அவளே சொருகினாள். திரை எரிந்தது. மாமா கரண்ட் வந்துவிட்டதா என்று பல்பைப் பார்த்தார். பல்பு எரியவில்லை.

வீட்டில் செல்போனுக்கு டவர் கிடைக்காது, பின்னாலிருக்கும் பாறைக்கு ஏற வேண்டும். முன்பெல்லாம் வீட்டில் தட்டிவிட்டு அனுப்ப மட்டும் ஏறுவாள். இப்போது நேரம் இல்லை என்று மூன்று நாளும் அங்கேயே தார்ப்பாயைக் கட்டி உட்கார்ந்தாள். முதுகில் மருந்து டேங்க், கையில் லேப்டாப், தலையில் சாக்கு. வழியில் பக்கத்துக் காட்டுக்காரம்மா பார்த்துவிட்டு நின்றார்.

"ஏன் கண்ணு, இந்தப் பனிக்குள்ள மருந்து எதுக்கு அடிக்கப் போற?"

"பாறைக்கு அடிக்கறேனுங்க. பூச்சி விழுந்துருச்சு."

அந்த அம்மா அன்று சாயங்காலம் வரை எங்கள் பாறையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

டேங்க் ஒரு தடவை சார்ஜ் ஏறினால் முக்கால் பகல் தாங்கியது. கரண்ட் விட்டுவிட்டு வந்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டது. நானும் மாமாவும் பழம் பறித்துவிட்டு மாறி மாறி டீ கொண்டுபோனோம். பதினேழாவது பதிவில் ஒருவர் தன் மாடு காணவில்லை என்று எங்கேயோ போன் செய்யவேண்டியதை கேஸ் கம்பெனிக்குச் செய்திருந்தார். அவர்களும் பொறுமையாக மாட்டின் நிறம் கேட்டிருக்கிறார்கள். அக்கா சிரித்து, இருமி, திரும்ப அதே இடத்தைக் கேட்டுத் தட்டினாள். பத்தாம் நாள் பகல் நான்கு மணிக்குள் இருபதும் போய்ச் சேர்ந்துவிட்டது. இறங்கி வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். பதிலுக்காகக் காத்திருக்கும் வேலையை எங்கள் இருவரிடமும் விட்டுவிட்டாள்.

ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. எடுத்துக்கொள்கிறோம், திங்கட்கிழமை முதல் பதிவுகள் வரும் என்று இரண்டே வரி. மாமா அதை என்னிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

அதே வாரம் அந்தக் கருத்துகள் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். குளிர்ப்பிரதேசக் கேள்வி இன்னும் தனியாகவே கிடந்தது. அதற்குக் கீழே நான் எழுதினேன். குளிரில் ஓடுகிறது. அடுப்பு மேல் வைக்காதீர்கள். யாராவது அடுப்பு மேல் வைப்பார்களா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

தை பிறந்து இரண்டாம் நாள் மில் வேன்காரர் போன் செய்தார். அக்கா காதில் ஒயரோடு பாறையில் இருந்தாள். டீ கொண்டுபோன மாமா எடுத்தார்.

"இல்லீங்க, அவ வேலைல இருக்கறாளுங்க. இந்த வருசம் வண்டிக்கு வரலீங்க," என்றார். போனை வைத்துவிட்டு இறங்கி வந்து, கொட்டகையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கைப்பம்ப் டேங்கை எடுத்துக் கழுவி முதுகில் மாட்டிக்கொண்டார். மிளகுக்கு மருந்தடிக்க வேண்டியிருந்தது. "லேப்டாப்புக்குப் புது பேட்டரி எப்ப வருது மாப்ள? தோள்பட்டை கழண்டுக்கும்," என்று கேட்டுக்கொண்டே காட்டுக்குள் இறங்கினார்.

எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்திருந்தது. எப்படியும் சேலம் போகத்தான் வேண்டும், வரும்போது வாங்கிவருகிறேன் என்று சொல்லிவைத்தேன்.