ஆற்றில் விழுந்த மாமா

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் கம்பெனியில் இன்று ஒரு மரக்கட்டை படாரென்று முறிந்தது. அந்தச் சத்தம் என்னை ஆரணி ஆற்றுக்கு இழுத்துப்போனது.

எனக்கு அப்போது எட்டு வயது. காணும் பொங்கலன்று படகுப் போட்டி. கரை முழுக்கக் குடும்பங்கள். அம்மாவின் தம்பி ஓட்டிய படகு முந்தியதும், பக்கத்துப் படகை ஓட்டிய என் அப்பா, நைனா, ஆத்திரத்தில் துடுப்பை ஓங்கி அவர் மண்டையில் படாரென்று அடித்தார். மாமா ரத்தம் வழியத் தண்ணீரில் விழுந்தார். அம்மா புடவையோடு குதித்து அவரைக் கரைக்கு இழுத்து வந்தாள். பிறகு கரையேறிய நைனாவிடமிருந்து துடுப்பைப் பிடுங்கி, "வெளாட்டுக்குக் கொல பண்ணுவியா?" என்று கத்தியபடி அவர் தோளில் மாறி மாறி அடித்தாள். நைனா தடுக்காமல் நின்று அழுதார்.

மாமா பிழைத்தார்; ஒரு காது மட்டும் கேட்காமல் போய்விட்டது.

இன்று மதியம் அவருக்குப் போன் செய்தேன். "நைனா மேல இன்னும் கோவம் இருக்குதா மாமா?"

"எனக்குப் பதிலா எங்கக்கா அன்னிக்கே அட்ச்சிட்டா பாப்பா. அப்புறம் இன்னாத்துக்குக் கோவம்?" என்றார்.