ஆளுக்கு இரண்டு

போல்ட் அசையவில்லை. ரஸேமா வீல் ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு காலை வைத்து ஏறி நின்று எம்பினாள். கிறீச்சென்றது. அடுத்த போல்ட்டுக்குப் போனாள். வண்டி அவளுடையது அல்ல. கொழுந்தன் ஃபிக்ரெத்தினுடையது.

அண்ணனும் தம்பியும் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஃபிக்ரெத் வீட்டுச் செருப்போடு தூறலில் இறங்கி வந்தான். பின்னால் அவள் புருஷன் நெஜாத், கையில் கோப்பையோடு.

"அண்ணி, என் வண்டில என்ன பண்றீங்க?"

"கழட்டுறேன்."

காலையில் மகள் மெலிஹாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பின்னால் சீஸ் டின்களை அடுக்கிக்கொண்டு, தன் வேனில் டிராவ்னிக் நகரத்துக்கு மலை இறங்கியிருந்தாள். பனியும் மழையும் கலந்து விழுந்தது. ஊற்றுக்குக் கீழே உள்ள வளைவில் பிரேக்கை லேசாகத் தொட்டாள். முன்சக்கரங்கள் பிடித்தன. பின்பக்கம், யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியதுபோல, தானாகச் சுற்றி வந்தது. வேன் நின்றபோது அதன் மூக்கு மலையைப் பார்த்திருந்தது. பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பள்ளம்.

"அம்மா, வீட்டுக்குத் திரும்பிப் போறோமா?" என்று மெலிஹா கேட்டாள்.

ரஸேமா முதல் கியரைப் போட்டாள். வண்டியைத் திருப்பி, ஊர்ந்து இறங்கி, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, சந்தையில் சீஸை நிறுத்துக் கொடுக்கும்போதுதான் கோபம் வந்தது. அதுவரை இருந்தது பயம்.

அப்பா செத்தபிறகு அண்ணனும் தம்பியும் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். புல்வெளியைக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். வால்நட் மரத்தில் கிழக்குக் கிளைகள் அண்ணனுக்கு, மேற்குக் கிளைகள் தம்பிக்கு. வண்டிகூட இருவரும் சேர்ந்து போய் ஆளுக்கொன்றாக ஒரே ரகத்தில் வாங்கியதுதான். ஒரு சண்டை கிடையாது. மசூதி வாசலில் பெரியவர்கள் இவர்களைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார்கள்.

இலையுதிர் காலத்தில் வெளிநாட்டில் லின்ஸ் நகரத்திலிருந்து அக்கா ஹய்ரா பனியில் வழுக்காத குளிர்கால டயர் நான்கு கொண்டுவந்தாள், தம்பிகள் இருவருக்கும் என்று. காப்பி ஆறுவதற்குள் அவையும் பிரிந்தன. ஆளுக்கு இரண்டு. இரண்டையும் முன்னால் போடுவது, பின்னால் பழையதே ஓடட்டும் என்று முடிவானது. நான்கும் ஒரே வண்டியில்தான் இருக்க வேண்டும் என்று டயர் மாற்றுகிறவன் சொன்னான். இன்னும் நாலு விற்கப் பார்க்கிறான் என்று ஃபிக்ரெத் சிரித்தான். டயர்காரன் சொன்னதையேதான் ரஸேமாவும் சொன்னாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை.

மர அறுவை ஆலையில் சிராய் தெறித்து நெஜாத்தின் ஒரு கண் போனது முதல் அந்த வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். மலையூர்களில் சீஸ் வாங்குவதும், கீழே கொண்டுபோய் விற்பதும், பனிக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டுவதும், சேற்றில் தள்ளுவதும் அவள்தான். ஆனால் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் நாற்காலிகள் அவளுக்கு முதுகைக் காட்டித்தான் திரும்பும்.

"பாதி என்னோடது அண்ணி," என்றான் ஃபிக்ரெத். "முன்சக்கரம்தானே இழுக்குது? பின்னால எது இருந்தா என்ன?"

"பாதி உன்னோடதுதான், யாரு இல்லேன்னது? அந்தப் பாதியில ஓட்டித்தான் இன்னைக்கு வண்டி பள்ளத்துக்கு முதுகக் காட்டி நின்னுச்சு. பின்னால ரெண்டும் மொட்டை. தண்ணியில சோப்பு மாதிரி போகுது."

நெஜாத் கோப்பையைச் சுற்றிக்கொண்டே நின்றான். "அவன் பங்குல கை வைக்காத ரஸேமா. நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க?"

அவள் ஸ்பேனரைக் கீழே போட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"மெலிஹாவையும் பிரிச்சிக்குங்க. தலப்பக்கம் உனக்கு, கால்பக்கம் உன் தம்பிக்கு. ஊரு மெச்சும்."

நெஜாத்தின் கை நின்றது. ஃபிக்ரெத் தன் செருப்பைப் பார்த்தான்.

"நாலும் ஒரு வண்டியில இருக்கணும்," என்றாள் ஃபிக்ரெத்திடம். "உன் வண்டியில போடணுமா, போடு. நான் ஜாக்கி பிடிக்கிறேன். அப்ப என் டின்னு, என் பொண்ணு, நானு, எல்லாம் உன் வண்டியிலதான் வருவோம், விடிகாலையில, தினமும். இல்ல, என் வண்டியில போடு. நீ என்கூட வா. ரெண்டுல எதுன்னு இப்பவே சொல்லு. மழையில நிக்கிறேன்."

ஃபிக்ரெத்துக்கு விடிகாலையில் வண்டி ஓட்டுவது ஆகாது. அண்ணனைப் பார்த்தான். நெஜாத் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"மிதிச்சுக் கழட்டாதீங்க," என்றான் ஃபிக்ரெத் கடைசியில். "போல்ட் மழுங்கிடும்."

"மழுங்கட்டும்," என்றாள் ரஸேமா. மறுபடி ஏறி நின்றாள்.

மறுநாளும் பனியும் மழையும்தான். ரஸேமா இருட்டோடு கிளம்பினாள். மெலிஹா முன்னால் உட்கார்ந்தாள். ஃபிக்ரெத் பின்னால் சீஸ் டின்களுக்கு நடுவில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்தான். ஊற்று வளைவில் அவள் பிரேக் போட்டாள். வண்டி நேராக நின்றது, பிறகு போனது. ஃபிக்ரெத் தான் வேலை பார்க்கும் மேசை நாற்காலித் தொழிற்சாலை வாசலில் இறங்கிக்கொண்டான். வீட்டில் நெஜாத், நாலு டயரும் மொட்டையாக முற்றத்தில் நின்ற தம்பியின் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினான்.