பதினாலாம் ரூமின் கதவுகள்

என் வீட்டுக்காரர் பிரபாகரன் பேய் வீடு கட்டிப் பிழைத்தவர். சிரிக்காதீர்கள், எனக்கு எரிச்சல் வரும். சிவகாசியில் தனுஷ்கோடி முதலாளியின் அச்சாபீசில் பத்து வருஷம் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைந்தார். 2007இல் முதலாளி மகன் மணிகண்டராஜ் சென்னையில் படித்துவிட்டு வந்து, அச்சாபீஸ் மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி திறந்தான். பாழடைந்த பட்டாசு ஆபீஸ் (தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்), அதில் பேய் துரத்தும், விளையாடுகிறவன் தப்ப வேண்டும். அந்த லெவலை முழுக்க வரைந்து கட்டுகிற வேலை இவருக்கு.

நானோ நாரணாபுரத்தில் அதே முதலாளியின் நிஜப் பட்டாசு ஆபீசில், பதினாலாம் ரூமில் பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பேய், எனக்கு வெடி. நல்ல பொருத்தம் போங்கள்!

இவர் ஒவ்வொரு ரூமுக்கும் நாலு பக்கமும் கதவு வைத்தார், எல்லாம் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. மருந்து ரூம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடலாம். அப்புறம் ஒட்டடை, ரத்தக்கறை, கூரையில் தொங்கும் கூந்தல், தானாக ஆடும் பல்பு என்று பார்த்துப் பார்த்து வைத்தார். மணிகண்டராஜ் விளையாடிவிட்டுக் கொட்டாவி விட்டானாம்.

"என்னய்யா பிரபாகரா, பேய் வந்தா பக்கத்துக் கதவு வழியா நான் போயிட்டே இருக்கேன். இதுல எங்கன பயம் இருக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு வேர்க்கணும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

அன்று சாயங்காலம் சோற்றில் கை வைத்தபடி இவர் என்னிடம் கேட்டார்.

"ஏ புள்ள, ஒன் ரூம்ல ஒனக்கு என்னைக்காவது பயம் வந்திருக்கா?"

தீபாவளி சீசன், இடுப்பு விட்டுப்போயிருந்தது. எரிச்சலில் வாய் உளறிவிட்டது.

"நாலு கதவுல மூணுல பெட்டிய அடுக்கி வச்சிருக்கானுக. லோடு போற வரைக்கும் அங்கனதான் கெடக்கும். மிச்சம் ஒத்தக் கதவு, அதுக்கு முன்னால இருளக்கா உக்காந்திருக்கா. பொறி விழுந்தா அவளத் தாண்டி நான் எங்குட்டு ஓட? பேயாம் பேயி!"

மூன்று சீசனாக இதை அவரிடம் மறைத்திருந்தேன். தெரிந்தால் வேலைக்கு விட மாட்டார். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் ரத்தத்தையும் கூந்தலையும் அழித்தார். மூன்று கதவுகளிலும் கூரை வரை பெட்டிகள். நாலாவது கதவை மறைத்து ஒரு பெண், முதுகைக் காட்டி, நகராமல். பேயே கிடையாது. வெள்ளிக்கிழமை மணிகண்டராஜுக்குச் சட்டை நனைந்துவிட்டது. பெருமை தாங்காமல் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

தனுஷ்கோடி முதலாளி குனிந்து பார்த்தார்.

"ஏலே, இது நம்ம பதினாலாம் ரூம்ல்லா?"

"ஆமா மொதலாளி."

"எவனாவது பாத்து எழுதிப் போட்டா என் லைசென்ஸ் என்னத்துக்கு ஆகும்? எத்தன பேய் வேணும்னாலும் வையி. அந்தப் பெட்டிய மட்டும் எடு."

"ரெண்டு நிமிசத்துல எடுத்துருவேன் மொதலாளி. அங்கன எடுத்துட்டுச் சொல்லுங்க, இங்கன எடுக்கேன்."

"லேபிள் கிறுக்குத பயலுக்கு வாயப் பாரு! வெளிய போலே. ஒம் பொண்டாட்டியும் நாளையில இருந்து வர வேண்டாம்."

வீட்டில் நான் போட்ட கூப்பாட்டில் தெருவே கூடியது.

"அடப் பாவி மனுசா, சீசன் நேரத்துல ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணப் போட்டுட்டீகளே!"

"நீ வெளிய வந்துட்டல்ல, அது போதும்" என்று சொல்லி அழுதார். என் கோபம் பாதி வழியில் நின்றது. செத்த நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அந்த ரூமில் என்னோடு வேலை பார்த்த மூன்று பேர் இன்னும் உள்ளே இருந்தார்களே!

காலையில் ஆபீஸ் கேட்டில் போய் இருளக்காவின் கையைப் பிடித்தேன்.

"பெட்டிய எடுக்காம உள்ள போகாதக்கா."

"ஒனக்கு அழுகதுக்காவது ஒரு புருசன் இருக்கான். எனக்கு யாருடி இருக்கா? கைய விடு!" என்று உதறிவிட்டுப் போனாள். அவள் பின்னால் மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் போனார்கள்.

கடைசியாக எங்கள் தெரு வள்ளித்தாய் வந்தாள். எனக்குப் பதில் சேர்த்திருக்கிறார்களாம், முதல் நாளாம்.

"ஒங்க எடம் எங்கன இருக்கு மதினி?" என்று என்னிடமே கேட்டாள்.

கதவுக்கு எட்டாத மூலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போர்மேன் கையைக் காட்டினான், அவள் உள்ளே போனாள்.