அந்த நம்பர் யாருடையது?

சர்வர் ஓடுகிற நாளில் நம்மை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் ஆபீஸ் முழுக்க நம் பேர்தான். இந்தத் தொழிலில் கிடந்து மாய்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெஹியோவிட்டப் பக்கம் ஒரு றப்பர் கம்பெனி ஆபீஸில் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவிசாவளை ரோட்டில் ஆமி பஸ்ஸை நிறுத்தித் தமிழர்களிடம் ஐடென்டிட்டி கார்ட் கேட்ட யுத்த காலம் அது.

ஒரு பேர் வேணும்

எங்கள் ஆபீஸ் மெஷின் ஒன்றிலிருந்து ஊருக்கெல்லாம் வைரஸ் மெயில் போவதாகக் கொழும்பு ஹெட் ஆபீஸிலிருந்து புகார் வந்தது. எந்த மெஷின் என்று பேர் கேட்டார்கள். வெளியே போவதைப் பதிகிற ஃபயர்வோலில் பார்த்தால் மெஷினின் பேர் இல்லை, வெறும் ஐபி நம்பர்தான் இருந்தது. அந்த நம்பரும் நிலையானது இல்லை; இந்த வாரம் ஒரு மெஷினுக்கு, அடுத்த வாரம் இன்னொன்றுக்கு. மேனேஜர் யோசிக்கவே இல்லை. தொழிலாளர் சம்பளக் கணக்கான செக்ரோல் எழுதுகிற கிளாக்கர் ராஜேஸ்வரியின் மெஷின் என்று எழுதச் சொன்னார்.

ராஜேஸ்வரியும் என்னைப்போலத் தோட்டத்து லயத்திலிருந்து படித்து வந்தவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பேர் அப்படி எழுதப்பட்டுப் போனால் வேலையோடு நிற்காது, பொலிஸ் வரைக்கும் போகும். நிச்சயமாகத் தெரியாமல் எழுத மாட்டேன் என்றேன். மேனேஜர் சத்தம் போடவில்லை. "அப்ப உன் பேரை எழுதிக் கொடு" என்றார்.

தலைகீழ்

ஆபீஸ் மெஷின்களையெல்லாம் ஆளுகிற டொமைன் கன்ட்ரோலர் சர்வரில் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் பேர் கேட்டேன். அந்த நம்பருக்கு மட்டுமல்ல, தன் சொந்த நம்பருக்கே பேர் தெரியாது என்றது சர்வர். பேரைக் கொடுத்தால் நம்பர் சொல்ல அதற்குத் தெரியும். நம்பரைக் கொடுத்தால் பேர் சொல்ல வேண்டிய ரிவர்ஸ் லுக்கப் ஸோன் என்ற பட்டியலை, சர்வரை நிறுவியவர்கள் உருவாக்கவே இல்லை. அடுத்தவர் விட்டுப்போன வேலையில் மாட்டிக்கொள்வது நமக்குப் புதிதா என்ன?

சர்வரை நிறுவிய கொழும்பு என்ஜினியருக்குப் போன் எடுத்தேன். தேவையில்லாத வேலை, சர்வரில் கை வைக்காதே என்றார். பிறகு எதற்கு என்னை இந்த வேலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். ஸோனை உருவாக்கி, மெஷின்கள் தாங்களாகவே பேரைப் பதிய வழி செய்து, எல்லாரையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அப்படிப்பட்ட ஸோனின் பேரில் நம்பர்கள் பின்னிருந்து முன்னாகத்தான் வரும். ஸ்டோர்ஸில் வேலை செய்கிற நிமல் எட்டிப் பார்த்துவிட்டு, தங்கச்சி என்று சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டுக் கவலையாகச் சொன்னார்: "நங்கி, நம்பரைத் தலைகீழாப் போட்டிருக்கீங்க. இருக்கிற வேலையும் போகப் போகுது."

வந்த பேர்

மறுநாள் காலை வைரஸ் மெயில் மறுபடி கிளம்பியது. மேனேஜரையும் ராஜேஸ்வரியையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே நம்பரை அடித்தேன். மேனேஜர் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய் வருகிற லேப்டாப்பின் பேர் வந்தது. அதன் கேபிளைக் கழற்றினேன், மெயில் நின்றது. அடையாளம் தெரியாத மெஷின் என்று எழுதிவிடலாமே என்றார் மேனேஜர். நான் பேரோடுதான் அனுப்பினேன்.

அடுத்த மாதம் என்னைக் கலவானவிலுள்ள கிளைக்கு மாற்றினார்கள். பஸ் ஏறும் இடத்துக்கு ராஜேஸ்வரி வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "அக்கா, உங்க வேலைக்கு நான் அப்ளிகேஷன் போட்டுட்டேன்" என்றாள்.

நம்பரைக் கொடுத்தால் பேர் சொல்லும் சர்வரை யாரும் மாற்றுவதில்லை சகாக்களே, அதைச் சொல்ல வைத்தவளைத்தான் மாற்றுவார்கள்.